யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர், ரூட் ஹப்: எம்பெடட் பக்கம் வர்றவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

எம்பெடட் வேலைக்கு புதுசா வர்றவங்க, காலேஜ் ப்ராஜெக்ட் பண்றவங்க, ஏன் பல வருஷம் ஃபர்ம்வேர் எழுதினவங்க கூட யூஎஸ்பி ஹோஸ்ட் பக்கம், அதாவது டிவைஸை மாட்டி ஓட்டுற பக்கம், வந்தா கேக்குற சந்தேகம் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கு. முக்காவாசி பேர் கேபிளையும் டிவைஸையும் மாத்தி மாத்தி பாத்துட்டு கடைசியில தான் போர்டுக்குள்ள பாக்குறாங்க. போர்டுல தெரியுற சாக்கெட்டுக்கு பின்னாடி எந்த கன்ட்ரோலர், எந்த ரூட் ஹப் இருக்குனு முதல்ல பாத்துட்டா பாதி பிரச்சனை அங்கயே புரிஞ்சிடும். அதுக்காகத் தான் இதெல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவங்க வார்த்தையிலயே இருக்கு.

ஹோஸ்ட் கன்ட்ரோலர்னா என்ன? யூஎஸ்பி போர்ட்டைத் தான் அப்படி சொல்றாங்களா?

இல்லைங்க. போர்ட்ங்கறது வெறும் சாக்கெட். ஹோஸ்ட் கன்ட்ரோலர்ங்கறது எஸ்ஓசிக்குள்ளயோ (சிபியூவும் மத்த பகுதிகளும் ஒரே சிப்புல இருக்குறது) தனி சிப்பாவோ இருக்குற ஹார்ட்வேர், ஒரு பக்கம் மெமரி, ரெஜிஸ்டர், இன்டரப்ட்னு சிபியூவோட பேசும், இன்னொரு பக்கம் டி பிளஸ், டி மைனஸ் வயர்ல பாக்கெட்டா அனுப்பும். டிரைவர் "இந்த டிவைஸ்ல இந்த எண்ட்பாயிண்ட்ல (டிவைஸுக்குள்ள டேட்டா போய் வர்ற வாசல்) இருந்து 512 பைட் வேணும்"னு மெமரில எழுதி வச்சா போதும், டோக்கன் (யார் பேசணும்னு சொல்ற சின்ன பாக்கெட்) அனுப்புறது, சிஆர்சி (டேட்டா கெடாம வந்துச்சானு சொல்ற கணக்கு) பாக்குறது, பதில் வராட்டி திரும்ப கேக்குறது எல்லாம் கன்ட்ரோலரோட வேலை.

யூஎஸ்பில முக்கியமா மனசுல வைக்க வேண்டியது, யூஎஸ்பி 2 வரைக்கும் டிவைஸ் தானா வாயே திறக்காது. கிளாஸ்ல வாத்தியார் பேர் கூப்பிட்டா மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்ற மாதிரி, ஹோஸ்ட் கேட்டா தான் பதில். இன்டரப்ட் டிரான்ஸ்ஃபர்னு பேர் இருந்தாலும் கீபோர்டு இன்டரப்ட் எதுவும் அனுப்புறதில்ல, ஹோஸ்ட் தான் குறிப்பிட்ட இடைவெளியில "கீ ஏதாச்சும் அமுக்கினாங்களா"னு கேட்டுக்கிட்டே இருக்கு. இந்தக் கேக்குற வேலையை யார் டைம் போட்டு நடத்துறதுங்கறதுல தான் ஒவ்வொரு கன்ட்ரோலரும் வேறுபடுது, கீழ வரப்போற பாதி தலைவலி அங்க இருந்து தான் வருது.

நான் ஹப் எதுவும் மாட்டவே இல்ல, ஆனா லினக்ஸோட யூஎஸ்பி லிஸ்ட்ல ரூட் ஹப்னு ஒண்ணு காட்டுதே, அது எங்க இருந்து வந்துச்சு?

அது கன்ட்ரோலரோட பிறந்தது. கன்ட்ரோலருக்கு ஒண்ணோ ரெண்டோ நாலோ போர்ட் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு போர்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் இருக்கும், ஏதாவது மாட்டியிருக்கா, என்ன ஸ்பீடு, ரீசெட் நடக்குதா, ஓவர் கரண்ட் வந்துச்சானு அதுல தெரியும். வெளிய நாம வாங்குற ஹப்பும் இதே விஷயங்களைத் தான் சொல்லுது. ரெண்டையும் ஒரே கோடுல கையாளலாமேனு சாஃப்ட்வேர் கன்ட்ரோலரோட சொந்த போர்ட்டுகளை ஒரு ஹப் மாதிரி காட்டுது. அந்த ஹப் தான் ரூட் ஹப்.

லினக்ஸ்ல அதுக்கு அட்ரஸ் எப்பவும் 1. வெண்டர் ஐடி 1டி6பினு இருக்கும், அது லினக்ஸ் ஃபவுண்டேஷனோடது, ப்ராடக்ட் ஐடி 0002னா யூஎஸ்பி 2 ரூட் ஹப், 0003னா யூஎஸ்பி 3. ரூட் ஹப்புக்கு போற ரிக்வெஸ்ட் எதுவும் வயர்ல போகாது, கன்ட்ரோலர் டிரைவரே ரெஜிஸ்டரை படிச்சு டிஸ்கிரிப்டர் (டிவைஸ் தன்னைப் பத்தி சொல்ற விவரம்) மாதிரி பதில் தயார் பண்ணிக் கொடுத்துடும். அதனால அனலைசர் (வயர்ல போறதைப் பாக்குற கருவி) மாட்டி ரூட் ஹப் டிராஃபிக்கை தேடாதீங்க, கிடைக்காது. இன்னொண்ணு, ரூட் ஹப்போட சீரியல் நம்பர்னு லினக்ஸ் காட்டுறது கன்ட்ரோலர் உக்காந்திருக்குற இடத்தைத் தான், 0000:01:00.0னு இருந்தா அது பிசிஐ வழியா வர்ற கன்ட்ரோலர், எஸ்ஓசிக்குள்ளயே இருந்தா ரெஜிஸ்டர் அட்ரஸ் வரும். எந்த சாக்கெட் எந்த கன்ட்ரோலர்ல இருக்குனு கண்டுபிடிக்க இதை விட சுலபமான வழி எனக்கு தெரிஞ்சு இல்ல.

என் மைக்ரோகன்ட்ரோலர்ல யூஎஸ்பி இருக்குனு டேட்டாஷீட்ல போட்டிருக்கு, அப்ப பென்டிரைவ் மாட்டலாம் தானே?

டேட்டாஷீட்ல அதே பக்கத்துல இன்னும் ரெண்டு வரி படிங்க. டிவைஸ் மட்டும்னு இருந்தா முடியாது. எஸ்டிஎம்32எஃப்103 இருக்குற ப்ளூ பில் போர்டு அப்படித் தான், கம்ப்யூட்டர்ல மாட்டினா சீரியல் போர்ட்டா, கீபோர்டா தெரியலாம், ஆனா அதுல கீபோர்டு மாட்ட முடியாது. எஸ்டிஎம்32எஃப்407ல ஓடிஜி (ஒரே போர்ட் டிவைஸாவும் ஹோஸ்டாவும் மாறுற வசதி) இருக்கு, ஹோஸ்டாவும் ஆகும். ஆர்பி2040யும் ஹோஸ்ட் ஆகும், ஆனா ஃபுல் ஸ்பீடு 12 மெகாபிட் வரைக்கும் தான்.

ஹோஸ்டே இல்லாத சிப்னா மேக்ஸ்3421ஈ மாதிரி எஸ்பிஐல (சிப்புகள் தங்களுக்குள்ள பேசுற ஒரு சீரியல் இணைப்பு) மாட்டுற தனி ஹோஸ்ட் கன்ட்ரோலர் சிப் இருக்கு, ஆர்டுயினோ யூஎஸ்பி ஹோஸ்ட் ஷீல்டுல இருக்குறது அது தான். கீபோர்டு, ஜாய்ஸ்டிக், பார்கோடு ஸ்கேனருக்கு தாராளமா போதும், கேமராவுக்கு எல்லாம் ஆசைப்படாதீங்க.

ஒரு டிவைஸை மாட்டினதும் உள்ள என்னென்ன நடக்குது, வரிசையா சொல்ல முடியுமா?

மாட்டுறதுக்கு முன்னாடி ஹோஸ்ட் பக்கம் ரெண்டு லைன்லயும் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் கீழ இழுத்து வச்சிருக்கும், அதாவது ரெண்டும் பூஜ்யம். டிவைஸ்ல 1.5 கிலோ ஓம் ஒண்ணு மேல இழுக்கும், டி பிளஸ்ல இழுத்தா ஃபுல் ஸ்பீடு, டி மைனஸ்ல இழுத்தா லோ ஸ்பீடு. லைன் மேல போனதும் போர்ட் ஸ்டேட்டஸ் மாறும், கனெக்டர் ஆடி அசைஞ்சு நிக்கட்டும்னு சாஃப்ட்வேர் 100 மில்லி செகண்ட் காத்திருக்கும், அப்புறம் ரீசெட். வெளி ஹப்னா 10 மில்லி செகண்ட் ரீசெட் போதும், ரூட் போர்ட்ல 50 மில்லி செகண்டாவது இருக்கணும்னு ஸ்பெக் சொல்லுது. சொந்தமா ஹோஸ்ட் கோடு எழுதுறவங்க பலர் இங்க 10 போட்டுட்டு சில பென்டிரைவ் மட்டும் ஏன் வரலைனு தேடிக்கிட்டு இருப்பாங்க.

ஹை ஸ்பீடு டிவைஸும் முதல்ல ஃபுல் ஸ்பீடு மாதிரி தான் தலை காட்டும். ரீசெட் நடக்குறப்ப டிவைஸ் சர்ப் கேனு ஒரு சிக்னல் கொடுக்கும் (கே, ஜேங்கறது டி பிளஸ், டி மைனஸோட ரெண்டு நிலை), போர்ட் பதிலுக்கு கே, ஜே, கே, ஜேனு மாத்தி மாத்தி கொடுக்கும், ரெண்டும் ஒத்துக்கிட்டா 480 மெகாபிட். ஒத்துக்கலைனா எர்ரர் எதுவும் வராது, சத்தம் போடாம 12 மெகாபிட்லயே ஓடும். "பென்டிரைவ் ரொம்ப ஸ்லோ"னு வர்ற கேஸ்ல முதல்ல நான் பாக்குறது இதைத் தான்.

ரீசெட் முடிஞ்சதும் டிவைஸ் அட்ரஸ் 0. ஹோஸ்ட் டிஸ்கிரிப்டரோட ஆரம்பத்தை மட்டும் கேக்கும், ஏன்னா எண்ட்பாயிண்ட் 0ல ஒரு பாக்கெட்ல எவ்வளவு அனுப்பலாம்ங்கறது அதோட எட்டாவது பைட்ல தான் இருக்கு. அப்புறம் சொந்த அட்ரஸ் கொடுக்கும், 18 பைட் டிவைஸ் டிஸ்கிரிப்டர் முழுசா வாங்கும், கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரை முதல் 9 பைட் மட்டும் வாங்கி மொத்த நீளம் பாத்துட்டு முழுசா வாங்கும், கடைசியா கான்ஃபிகரேஷன் செட் பண்ணும். அட்ரஸ் 7 பிட், அதனால ஒரு பஸ்ல (ஒரு ரூட் ஹப்பும் அதுக்கு கீழ இருக்குறது எல்லாமும்) 127 வரைக்கும் தான், ஒண்ணு மேல ஒண்ணா ஹப் அடுக்கினா 5 வரைக்கும் போகலாம்.

ஓஹெச்சிஐ, யூஹெச்சிஐ, ஈஹெச்சிஐ, எக்ஸ்ஹெச்சிஐனு எதுக்கு இத்தனை? ஒண்ணு போதாதா?

இது எல்லாமே சாஃப்ட்வேர் கன்ட்ரோலரோட எப்படி பேசணும்ங்கற ஸ்டாண்டர்டு, வயர்ல போறது ஒண்ணு தான். யூஎஸ்பி 1 காலத்துல இன்டெல் யூஹெச்சிஐ கொண்டு வந்துச்சு, காம்பேக், மைக்ரோசாஃப்ட், நேஷனல் செமிகண்டக்டர் சேந்து ஓஹெச்சிஐ கொண்டு வந்தாங்க. 2000ல யூஎஸ்பி 2 வந்தப்ப ஈஹெச்சிஐ, ஆனா அது ஹை ஸ்பீடு மட்டும் தான் பேசும். 2008ல யூஎஸ்பி 3 ஸ்பெக் வந்ததுக்கு அப்புறம் எக்ஸ்ஹெச்சிஐ, அது 1.5 மெகாபிட்ல இருந்து 5 கிகாபிட் வரைக்கும் எல்லாத்தையும் ஒரே கன்ட்ரோலர்ல பாத்துக்கும்.

எம்பெடட்ல இந்த நாலும் இல்லாத வகை நிறைய. சினாப்சிஸோட டிடபிள்யூசி2 ராஸ்பெர்ரி பைல இருக்கு, அதே குடும்பம் எஸ்டிஎம்32லயும் இருக்கு. மென்டரோட மஸ்ப் பீகிள்போன் பிளாக்ல. இதுங்களுக்கு எல்லாம் தனித்தனி டிரைவர். போர்டு வாங்கும்போது ராம் எவ்வளவுனு பாக்குற அக்கறையில கொஞ்சம் இதுக்கும் செலவு பண்ணுங்கனு தான் சொல்லுவேன்.

ஈஹெச்சிஐ ஹை ஸ்பீடு மட்டும் தான்னா எங்க போர்டுல சாதா மவுஸ் எப்படி ஓடுது?

பழைய பிசில ஈஹெச்சிஐ பக்கத்துலயே கம்பேனியன் கன்ட்ரோலர்னு ஓஹெச்சிஐயோ யூஹெச்சிஐயோ ஒண்ணு இருக்கும். மாட்டினது ஹை ஸ்பீடு இல்லனு தெரிஞ்சதும் ஈஹெச்சிஐ டிரைவர் போர்ட் ஓனர் பிட்டை மாத்தி போர்ட்டையே அதுக்கு கொடுத்துடும், மவுஸ் வேற பஸ்ல போய் உக்காரும். அதனால தான் சில போர்டுல ஒரே சாக்கெட்ல பென்டிரைவ் மாட்டினா பஸ் 1, மவுஸ் மாட்டினா பஸ் 3னு வருது. கெர்னல் கான்ஃபிக்ல ஈஹெச்சிஐ மட்டும் போட்டுட்டு ஓஹெச்சிஐயை விட்டுட்டா பென்டிரைவ் ஓடும், மவுஸ் செத்த மாதிரி இருக்கும்.

பல எஸ்ஓசில, குறிப்பா சிப்ஐடியா கோர் போட்ட ஐ.எம்எக்ஸ் மாதிரி சிப்புல, கம்பேனியன் கிடையாது. அங்க ரூட் ஹப்புக்குள்ளயே டிரான்சாக்ஷன் டிரான்ஸ்லேட்டர் வச்சிருக்காங்க. வெளி ஹை ஸ்பீடு ஹப்புல இருக்குற அதே சமாச்சாரம் தான், மேல 480ல வாங்கி கீழ 12 அல்லது 1.5ல மெதுவா பேசி பதிலை வச்சிருந்து கொடுக்கும். அந்த மாதிரி போர்டுல மவுஸும் பென்டிரைவும் ஒரே பஸ்ல தெரியும்.

ராஸ்பெர்ரி பைல நாலு போர்ட் இருக்கே, அப்ப ஒவ்வொண்ணுக்கும் 480 மெகாபிட் கிடைக்கும் தானே?

இந்தக் கேள்வி தான் அதிகமா வருது, பதில் எந்த பைங்கறதைப் பொறுத்தது. பை 2, பை 3 எடுத்துக்கோங்க, எஸ்ஓசில இருக்குறது ஒரே ஒரு டிடபிள்யூசி2, ரூட் போர்ட் ஒண்ணே ஒண்ணு. அதுல லேன்9514னு ஒரு சிப், அதுக்குள்ள ஹப்பும் ஈதர்நெட்டும் சேந்தே இருக்கு. ஆக நாலு சாக்கெட்டும் நெட்வொர்க்கும் எல்லாம் அந்த ஒரே 480ஐ பங்கு போட்டுக்குது, பென்டிரைவ்ல இருந்து படிச்சு நெட்வொர்க்ல அனுப்பினா அதே டேட்டா அதே வயர்ல ரெண்டு தடவை போகுது. பை 3 பி பிளஸ்ல கிகாபிட் ஈதர்நெட்னு போட்டும் 300 மெகாபிட் கிட்ட நின்னுடுச்சே, அதுக்கும் காரணம் இது தான்.

அதுலயும் டிடபிள்யூசி2ல ஸ்ப்ளிட் டிரான்சாக்ஷனை (ஹை ஸ்பீடு ஹப் வழியா மெதுவான டிவைஸோட பேசுறது) எப்ப அனுப்பணும்னு ஹார்ட்வேர் தானா பாத்துக்காது, 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது செகண்டுக்கு 8000 தடவை, சாஃப்ட்வேர் எட்டிப் பாக்கணும். ஆரம்ப கால பைல கீ அமுக்கினது விட்டுப் போச்சுனு புகார் வந்ததெல்லாம் இதனால தான், அப்புறம் ஃபாஸ்ட் இன்டரப்டுக்கு (சிபியூ மத்ததை விட முன்னுரிமை கொடுக்குற இன்டரப்ட்) அந்த வேலையை மாத்தினதும் நிலைமை நல்லாச்சு.

2019ல வந்த பை 4ல கதையே வேற. பிசிஐ எக்ஸ்பிரஸ் (எஸ்ஓசியை வெளி சிப்போட இணைக்குற வேகமான பாதை) ஒரு லேன்ல, அதாவது ஒரு தடத்துல, விஎல்805 எக்ஸ்ஹெச்சிஐ சிப், ஈதர்நெட் தனியா. நாலு போர்ட்டும் சேந்து அந்த ஒரு லேனை, அதாவது கிட்டத்தட்ட 4 கிகாபிட்டை பங்கு போடும். பை 5ல ஆர்பி1 சிப்புக்குள்ள ரெண்டு தனி எக்ஸ்ஹெச்சிஐ வச்சுட்டாங்க.

பை 4ல ஒரே கன்ட்ரோலர்னு சொல்றீங்க, ஆனா ரெண்டு ரூட் ஹப் காட்டுது, கூடவே வயா லேப்ஸ் ஹப்னு ஒண்ணு வேற?

எக்ஸ்ஹெச்சிஐல யூஎஸ்பி 2 பக்கமும் யூஎஸ்பி 3 பக்கமும் தனித்தனி வயர், தனித்தனி பஸ். நீலக்கலர் சாக்கெட் வெளிய ஒண்ணா தெரிஞ்சாலும் உள்ள ரெண்டு போர்ட், அதனால ஒரு கன்ட்ரோலருக்கு ரெண்டு ரூட் ஹப். பென்டிரைவ் யூஎஸ்பி 3னா 0003 கீழ வரணும், 0002 கீழ வந்தா காண்டாக்டோ கேபிளோ சரியில்ல, சாக்கெட்ல மெதுவா சொருகினாலும் சில நேரம் இப்படி ஆகும்.

அந்த வயா லேப்ஸ் ஹப் விஎல்805க்குள்ளயே இருக்கு. யூஎஸ்பி 3 பக்கம் ரூட் ஹப்புல நாலு போர்ட், யூஎஸ்பி 2 பக்கம் ரூட் ஹப்புல ஒரே போர்ட், அதுக்கு கீழ நாலு போர்ட் ஹப். அப்ப பை 4லயும் யூஎஸ்பி 2 டிவைஸ் நாலு மாட்டினா நாலுக்கும் சேத்து ஒரு 480 தான், முந்தின பதில்ல சொன்ன கதை திரும்பவும்.

ரெண்டு வெப்கேம் மாட்டினா ரெண்டாவது ஓப்பன் ஆக மாட்டேங்குது, இடம் இல்லனு எர்ரர் வருது, டிஸ்க்ல நிறைய இடம் இருக்கே?

டிஸ்க் இடம் இல்லைங்க, பஸ்ல நேரம் இல்ல. எர்ரர் நம்பர் மைனஸ் 28, லினக்ஸ்ல அதுக்கு பொதுவான அர்த்தம் இடம் இல்லங்கறது, யூஎஸ்பி அதையே பேண்ட்விட்த் இல்லங்கறதுக்கு பயன்படுத்துது. வெப்கேம் ஐசோக்ரோனஸ் டிரான்ஸ்ஃபர் (நேரத்துக்கு நேரம் டேட்டா போயே ஆகணும்ங்கற வகை), ஸ்டார்ட் ஆகும்போதே எனக்கு இவ்வளவு வேணும்னு ரிசர்வ் பண்ணிடும், ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் இருக்குற மாதிரி எல்லாம் இங்க கிடையாது, இல்லனா இல்ல தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஹை ஸ்பீடுல ஒரு எண்ட்பாயிண்ட் அதிகபட்சமா ஒரு மைக்ரோஃபிரேம்ல (125 மைக்ரோ செகண்ட்) 3 தடவை 1024 பைட், செகண்டுக்கு 8000 மைக்ரோஃபிரேம், மொத்தம் 24.576 மெகாபைட், அதாவது 196 மெகாபிட் கிட்ட. ரெண்டு கேமரா அப்படி கேட்டா 393. இந்த மாதிரி டிரான்ஸ்ஃபருக்கு மைக்ரோஃபிரேம்ல 80 சதவீதம் தான் கொடுக்கணும்னு ரூல், அதாவது 384. பாக்கெட் ஓவர்ஹெட் சேக்காமலே தாண்டிடுச்சு. இதுல வேதனை என்னன்னா எம்ஜேபெக்ல (படத்தை சுருக்கி அனுப்புற முறை) கொஞ்சமா அனுப்புற கேமரா கூட பல நேரம் அதிகபட்சத்தையே கேக்கும். ரெசல்யூஷனை இறக்கிப் பாருங்க, இல்லனா ரெண்டாவது கேமராவை வேற கன்ட்ரோலருக்கு மாத்துங்க. அதே ரூட் ஹப் கீழ வேற சாக்கெட்டுக்கு மாத்தினா எந்த பலனும் இல்ல.

ஹார்ட் டிஸ்க் மாட்டினதும் போர்டே ரீபூட் ஆகுது, கெர்னல் பக்கா?

பெரும்பாலும் பவர். யூஎஸ்பி 2ல கான்ஃபிகர் ஆகுற வரைக்கும் 100 மில்லி ஆம்ப், ஆனதுக்கு அப்புறம் 500 வரைக்கும், யூஎஸ்பி 3ல 900. டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது 500க்கு மேல இழுக்கறது சாதாரணம். பை 4ல நாலு போர்ட்டுக்கும் சேத்து 1.2 ஆம்ப் தான். பை 5ல 5 ஆம்ப் சப்ளை போட்டா 1.6 ஆம்ப், 3 ஆம்ப் சப்ளைனா 600 மில்லி ஆம்ப்னு தானே குறைச்சுக்கும்.

சொந்தமா போர்டு டிசைன் பண்றவங்க 5 வோல்ட்டை நேரா சாக்கெட்டுக்கு இழுத்து விடாதீங்க, தயவு செஞ்சு ஒரு பவர் ஸ்விட்ச் சிப் போடுங்க, அதோட ஃபால்ட் பின்னை கன்ட்ரோலரோட ஓவர் கரண்ட் இன்புட்டுக்கு கொடுங்க. ஹோஸ்ட் பக்கம் விபஸ்ல (யூஎஸ்பியோட 5 வோல்ட் லைன்) 120 மைக்ரோ ஃபேரட்டாவது வேணும், டிவைஸ் பக்கம் 10க்கு மேல கூடாது. இந்த 120ஐ செலவு மிச்சம்னு விட்டுட்டா, ஒரு டிவைஸ் மாட்டுறப்ப பக்கத்து போர்ட்ல இருக்குறது டிஸ்கனெக்ட் ஆகும், அதை சாஃப்ட்வேர்ல தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது.

லாக்ல மைனஸ் 71, மைனஸ் 110னு வருதே, ரெண்டும் ஒண்ணு தானா?

இல்ல. மைனஸ் 71 ப்ரோட்டோகால் எர்ரர், வயர்ல வந்தது சரியா வரல, சிஆர்சி தப்பு, பதிலே வரல இந்த மாதிரி. அப்ப சிக்னல் பக்கம் பாருங்க: கேபிள் நீளம், டி பிளஸ் டி மைனஸ் டிரேஸ் 90 ஓம் டிஃபரென்ஷியலா போகுதா, இஎஸ்டி டயோட் (ஸ்டேட்டிக் ஷாக்ல இருந்து காப்பாத்துறது) கெபாசிட்டன்ஸ் அதிகமா. மைனஸ் 110 டைம் அவுட், டிவைஸ் பிசியாவோ தொங்கியோ இருக்கு, இல்லனா கன்ட்ரோலர் இன்டரப்டே சிபியூவுக்கு வரல. புது போர்டை முதல் தடவை ஓட வைக்கிற ப்ரிங் அப்ல எந்த டிவைஸ் மாட்டினாலும் 110னா கிளாக்கும் இன்டரப்ட் நம்பரும் தான் முதல் சந்தேகம். மைனஸ் 32 வந்தா டிவைஸ் ஸ்டால் கொடுத்திருக்கு, அதாவது கேட்டது அதுக்கு புரியல, வயர் நல்லாத் தான் இருக்கு.

ஓடிஜி போர்ட் ஹோஸ்டா மாறவே மாட்டேங்குது, என்ன பண்றது?

மைக்ரோ யூஎஸ்பினா ஐடி பின் கிரவுண்ட் ஆகியிருக்கணும், சாதா கேபிள்ல அது ஆகாது, ஓடிஜி கேபிள்ல தான் ஆகும். டைப் சினா ஐடி கிடையாது, சிசி லைன்ல (என்ன மாட்டியிருக்குனு பாக்குற லைன்) டிவைஸோட 5.1 கிலோ ஓம் தெரிஞ்சா தான் ஹோஸ்ட் விபஸே கொடுக்கணும். டிவைஸ் ட்ரீல (போர்டுல என்ன ஹார்ட்வேர் இருக்குனு லினக்ஸுக்கு சொல்ற ஃபைல்) டிஆர் மோட், அதாவது ஹோஸ்டா டிவைஸானு சொல்ற வரி, பெரிஃபெரல்னு இருந்தா நீங்க என்ன கேபிள் போட்டாலும் மாறாது. போர்ட் எப்பவும் ஹோஸ்ட் தான்னா ஓடிஜினு விடாம ஹோஸ்ட்னே எழுதிடுங்க, பாதி வம்பு குறையும்.

எஸ்டிஎம்32ல பென்டிரைவ் தனியா ஓடுது, கீபோர்டு தனியா ஓடுது, ஹப்புல ரெண்டையும் மாட்டினா ஒண்ணும் ஓடல, ஏன்?

முதல் காரணம், எஸ்டி கொடுக்குற ஹோஸ்ட் லைப்ரரில ஹப் கிளாஸ் (ஹப்பை கையாளுற கோடு) கிடையாது. டைனியூஎஸ்பி மாதிரி ஹப் தெரிஞ்ச ஸ்டேக்குக்கு போகணும். ரெண்டாவது, சேனல், அதாவது கன்ட்ரோலர் ஒரே நேரத்துல ஒரு எண்ட்பாயிண்டோட பேச வச்சிருக்குற ஹார்ட்வேர் இடம். எஃப்407ல ஓடிஜி ஃபுல் ஸ்பீடு கோர்ல 8 ஹோஸ்ட் சேனல், ஹை ஸ்பீடு கோர்ல 12. எண்ட்பாயிண்டுக்கு ஒரு சேனல்னு நிரந்தரமா ஒதுக்குற கோடுல ஹப்புக்கு கன்ட்ரோல் 2, இன்டரப்ட் 1, பென்டிரைவுக்கு கன்ட்ரோல் 2, பல்க் 2, கீபோர்டுக்கு 3. மொத்தம் 10, இருக்குறது 8. வேலை முடிஞ்சதும் சேனலை விட்டுட்டு அடுத்தவனுக்கு கொடுக்குற மாதிரி ஸ்டேக் எழுதியிருந்தா சமாளிக்கலாம்.

டேட்டா சில நேரம் சரியா வருது, சில நேரம் குப்பையா வருது, அனலைசர்ல பாத்தா வயர்ல சரியாத் தான் இருக்கு?

வயர்ல சரி, மெமரில தப்புனா கேஷ் (சிபியூ பக்கத்துல வச்சிருக்குற மெமரி காப்பி). கன்ட்ரோலர் டிஎம்ஏல (சிபியூ இல்லாமலே) நேரா ராம்ல எழுதுது, சிபியூ பழைய கேஷ் லைனை படிக்குது. கார்டெக்ஸ் எம்7ல டேட்டா கேஷ் ஆன் பண்ணதும் வர்ற பிரச்சனை இது. பஃபரை 32 பைட் அலைன் பண்ணுங்க, அளவும் 32ஓட மடங்கா இருக்கட்டும், படிக்கறதுக்கு முன்னாடி கேஷை இன்வேலிடேட் பண்ணுங்க, இல்லனா அந்த ஏரியாவை எம்பியூல (மெமரி ஏரியாவுக்கு ரூல் போடுற ஹார்ட்வேர்) கேஷ் இல்லாததா போடுங்க. லினக்ஸ் டிரைவர்னா ஸ்டாக்ல இருக்குற அரேவை யூஎஸ்பி பஃபரா கொடுக்காதீங்க, கேமல்லாக்ல (கெர்னல் மெமரி கொடுக்குற ஃபங்ஷன்) வாங்குங்க.

ஃபீல்டுல 4ஜி டாங்கிள் தொங்கிடுது, யாராவது போய் புடுங்கி மாட்ட வேண்டியிருக்கு, சாஃப்ட்வேர்லயே பவர் கட் பண்ண முடியாதா?

ஹப் ஸ்பெக்ல போர்ட் பவர்னு ஒரு ஃபீச்சரே இருக்கு, ரூட் ஹப்புக்கும் அது பொருந்தும். ஆனா கமாண்டுக்கு சரினு பதில் வரும், 5 வோல்ட் அப்படியே இருக்கும், ஏன்னா பல போர்டுல அந்த பிட்டுக்கு பின்னாடி ஸ்விட்ச் சிப்பே வச்சிருக்க மாட்டாங்க. மீட்டர் வச்சு விபஸ்ல பாத்துட்டு தான் நம்பணும். ஹப் டிஸ்கிரிப்டர்ல தனித்தனி போர்ட் ஸ்விட்ச்சா, எல்லாம் சேந்தானு சொல்லியிருக்கும், அதுவும் எப்பவும் உண்மை இல்ல. பை 4ல யூஹப்சிடிஎல் டூல் வச்சு அணைக்கலாம், ஆனா நாலு போர்ட்டும் சேந்தே அணையும், அதே போர்டுல யூஎஸ்பில இருந்து பூட் ஆகுதுனா கவனம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணிப் பாருங்க, டாங்கிளோட ஆட்டோ சஸ்பெண்டை நிறுத்துங்க. சில டாங்கிள் தூங்கி எந்திரிக்கும்போது தான் தொங்கும். அதுலயும் சரியாகலைனா டாங்கிளோட விபஸ்ல ஒரு லோட் ஸ்விட்ச் வச்சு எஸ்ஓசியோட ஜிபிஐஓல (சாஃப்ட்வேர்ல ஆன் ஆஃப் பண்ற பின்) இருந்து கன்ட்ரோல் பண்ணுங்க. அணைச்சதும் உடனே ஆன் பண்ணாதீங்க, விபஸ்ல இருக்குற கெபாசிட்டர் காலியாக கொஞ்ச நேரம் ஆகும், டாங்கிளுக்கு ஆண்டெனா பக்கமோ சீரியல் பக்கமோ வேற வழியில கரண்ட் கசியுதானும் பாத்துக்கோங்க, கசிஞ்சா அது முழுசா ரீசெட் ஆகவே ஆகாது.